தாகம் போலத் தெரிவது

வீட்டுக்குள் வைக்கும் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். மண் துகள்களுக்கு நடுவே காற்று நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை தொங்கும், மஞ்சளாகும். சொதசொதவென்ற மண்ணில் நின்றுகொண்டே, தாகத்தில் வாடும் செடி மாதிரி அது தெரியும். பார்க்கிறவர் பதறிப்போய் இன்னொரு சொம்பு ஊற்றுவார். ஊற்றுகிற கையில் இருப்பது பாசம்தான். அதனால்தான் இதை என்னால் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி நர்சரியில் கொடுக்கும் செடிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஸீஸீ செடியின் மண்ணைக் கிளறிப் பார்த்தால், உருளைக்கிழங்கு போல கிழங்குகள் திரண்டிருக்கும். அத்தனையும் தண்ணீர்ச் சேமிப்பு. பாம்புக் கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, வெயில் தாழ்ந்த பிறகு திறக்கும் வகை. இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. வறட்சியைத் தாங்கத் தாங்களே வழி செய்துகொண்டவை. நம்மிடம் அவை கேட்பது கொஞ்சம் வெளிச்சமும், நம் கை சும்மா இருப்பதும்.

சும்மா இருப்பது என்றால் பார்க்காமல் இருப்பதல்ல. என் ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. அடியில் கூழாங்கல், மேலே கரித்துண்டுகள், அதன்மேல் மண், பாசி, ஒரு சின்ன ஃபிட்டோனியாச் செடி. மூடி போட்டது. காலையில் ஒரு பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்து, துளியாகச் சேர்ந்து இறங்கும், மதியத்துக்குள் தெளிந்துவிடும். அப்படியானால் உள்ளே எல்லாம் சரி. நாள் முழுக்க ஜாடி மூட்டமாகவே இருந்தால் ஈரம் அதிகம். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்துவைக்க வேண்டும். ஆவியே படியாவிட்டால் இரண்டு கரண்டித் தண்ணீர். நேர் வெயில் மட்டும் கூடாது, உள்ளே இருப்பது வெந்துபோகும். பெரும்பாலான நாட்களில் நான் பார்ப்பதோடு சரி.

இந்த ஜாடிக்கு மூலம் லண்டனில் இருந்த நத்தானியல் வார்ட் என்ற டாக்டர். அவர் ஆசையாக வளர்த்த பெரணிகள் ஊரின் கரிப்புகையில் கருகிக்கொண்டே இருந்தன. 1829-இல், ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் வைத்து மூடினார். புழுவுக்காக வைத்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் அவர் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை, அவை வாழ்ந்தன. பிறகு இதே முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் சீனாவின் தேயிலை இமயமலைக்கு வந்தது; சின்கோனாக் கன்றுகள் நீலகிரிக்கு வந்தன. அந்த முதல் பாட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? வார்ட் ஊரில் இல்லாத நேரத்தில் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இரண்டு செடியும் அழுகிவிட்டன.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். பெரியப்பா போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தார். காய் நறுக்க உட்கார்ந்தால், "அத்தை, நீங்க எழுந்திருங்க, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் அரிவாள்மனையை வாங்கிக்கொள்வாள். துணி மடித்தால் பேத்தி ஓடிவருவாள். நல்ல பிள்ளைகள், மனசார செய்தார்கள். சில மாதங்களில் பெரியம்மா பகலிலும் படுக்க ஆரம்பித்தார், பேச்சு குறைந்தது. தளர்ந்துவிட்டார் என்று நினைத்து, சாப்பாட்டுத் தட்டையும் கட்டிலுக்கே கொண்டுபோனார்கள்.

அதற்காக எல்லாரையும் அவரவர் பாட்டுக்கு விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டியில் வைத்த ஃபிட்டோனியாவுக்கு நிஜமாகவே தாகம் வந்தாலும் இதே போலத்தான் சரிந்து படுக்கும். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இலையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. விரலை மண்ணுக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி நிஜம். மாடிப்படி இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அடுப்படியில் வேண்டாம். இதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.