மச்சானின் கால்கள்

உயர்தர வகுப்பில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் படிப்பித்த காலத்தில், அச்சம் வந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என நான்கிலிருந்து அச்சம் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். கடலை அவர் சேர்க்கவில்லை. குச்சவெளிப் பிள்ளைகள் விடுவார்களா? "அப்ப சுனாமி, சேர்?" என்று கடைசி வாங்கிலிருந்து குரல் வரும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சுனாமி எச்சரிக்கை வந்ததும் ஊரே ஓடியது. என் தங்கச்சி மாப்பிள்ளை கடல் தொழில் செய்பவர். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர், புல்மோட்டை வீதியைத் தாண்டிய பிறகுதான் கையில் ஊசி இருப்பதைக் கண்டிருக்கிறார். அன்று பெரிய அலை எதுவும் வரவில்லை.

பிறகு ஒரு மார்க்கப் பயானில், அல்லாஹ்வையே முழுதாக நம்பியிருக்கும் தவக்குல் உள்ளவன் இப்படி ஓடமாட்டான் என்று ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சானுக்கு அதே யோசனை.

"மச்சான், நான் எங்க ஓடின? கால்தானே ஓடின. அதுக்கும் ஈமான் கொறஞ்சிட்டென்டா நான் என்ன செய்யிற?"

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1884இல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட மச்சானின் கட்சிதான்: முதலில் உடம்பு ஓடுகிறது, அதை நாம் உணர்வதே பயம். எனக்கு அது முழுக்கச் சம்மதமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்டிராத கால்கள் அன்று அப்படி ஓடியிருக்குமா? ஆனாலும், ஓடலாமா வேண்டாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கால்கள் ஓடவில்லை என்பது உண்மை.

அப்படி ஓடினால் ஈமான் குறையுமா? குர்ஆனில் மூஸா நபியின் கைத்தடி பாம்பாக நெளிகிறது. அவர் திரும்பியும் பாராமல் ஓடுகிறார். அல்லாஹ் தன்னோடு பேசிக்கொண்டிருக்கும் அந்த இடத்திலேயே ஓடுகிறார். அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் ஏது? வேதம் அந்த ஓட்டத்தை மறைக்கவும் இல்லை, அதற்காக அவருடைய நபித்துவம் பறிபோகவும் இல்லை. பயப்படாதீர் என்று அவருக்குச் சொல்லப்பட்டதை நான் கண்டனமாக எடுப்பதில்லை, ஆறுதலாகத்தான் எடுக்கிறேன். அதோடு சேர்ந்து வருவதுதான் கட்டளை: அதைப் பிடியும். கை நீட்டுவது அவரால் முடிந்த காரியம், அதனால் அது கேட்கப்பட்டது. நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்று கணக்குக் கேட்கப்படவில்லை.

மச்சானிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூஸா நபி எவ்வளவு தூரம் ஓடினார் என்று கேட்டார்.