பெரும்பான்மையின் கடமை

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. தலித் இளைஞர் ஒருவரும் வன்னியர் பெண் ஒருவரும் விரும்பி மணந்திருந்தார்கள். பெண்ணின் தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் தண்டனை அனுபவித்தவை, அந்தத் திருமணத்தில் எந்தப் பங்கும் இல்லாத குடும்பங்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின.

எரிந்தது எது என்று பார்த்தால் நோக்கம் விளங்கும். பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்த கூலியில் எழுந்த மெத்தை வீடுகள் அவை. பீரோக்கள் உடைக்கப்பட்டு நகையும் பணமும் பறிபோயின. பைக்குகளும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் சாம்பலாயின. கோபம் ஒரு திருமணத்தின் மேல் மட்டும் என்றால், சான்றிதழ் என்ன குற்றம் செய்தது? நிலத்துக்காரரிடம் கைகட்டி நிற்க வேண்டிய தேவை இல்லாமல் ஒரு தலைமுறை தலையெடுத்ததே பொறுக்க முடியாத குற்றமாகப் பட்டிருக்கிறது.

ஆதிக்கம் செலுத்திய வன்னியர் தரப்பிலும் பெரும்பாலோர் மானாவாரி நிலத்தை நம்பி வாழ்பவர்கள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் அவர்களை உள்ளடக்கிய மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு கிடைத்தது. படிப்பும் வேலையும் ஒரு சமூகத்தை எப்படி நிமிர்த்தும் என்பதை உயிர் கொடுத்து அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு அடுத்த தெருவுக்காரரின் உயர்வை மதிக்கவே கடமைப்படுத்துகிறது. பட்ட காயம் பிறரைக் காயப்படுத்தும் உரிமையைத் தராது.

தீ வைத்தவர்கள் ஒரு சமூகத்தின் ஒரு பகுதியினர்தான். முழுச் சமூகத்தையும் குற்றவாளியாக்குவது அறமல்ல. ஆனாலும் மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று விட்டுவிட முடியாது. ஊர் பணிந்து நடப்பதால் கிடைக்கும் மரியாதையை அவர்களும் அனுபவிக்கிறார்கள். ஓட்டுக் கணக்கு பார்த்து வாய் மூடும் கட்சிகளும் அந்த ஆதிக்கத்துக்கே காவல் நிற்கின்றன. எண்ணிக்கையில் பெரியவர்கள் ஆட்சியைப் பிடிக்கலாம். அடுத்தவர் யாரை மணக்கலாம், எவ்வளவு உயரத்துக்கு வீடு கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த எண்ணிக்கைக்கு இல்லை. இதைத் தன் சாதிக் கூட்டத்திலேயே எழுந்து சொல்வதுதான் பெரும்பான்மையில் பிறந்த ஒவ்வொருவரின் முதல் கடமை.