காலாவதி யாருக்கு?

கர்நாடகத்தில் 1978-இல் ஒரு சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனையை மீறி யாராவது வாங்கியிருந்தால் அந்தக் கிரயம் செல்லாது. மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். இது செல்லும் என்று 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. மனுப் போடக் கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. கெடு இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றுதானே நாம படிப்போம்? 2017-இல் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி படித்தது. நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில், 'நியாயமான காலத்துக்குள்' வந்திருக்க வேண்டும், 25 வருஷம் கழித்து வந்தால் முடியாது என்றது. அதற்கப்புறம் அங்கே தலித் அமைப்புகள் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் தர்ணா உட்கார்ந்தார்கள். 2023-இல் சட்டமன்றம் திருத்தம் போட்டது: இந்தச் சட்டத்தின் கீழ் வருவதற்குக் காலவரம்பே கிடையாது. சரி, முடிந்ததா? 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, காலவரம்பு வேறு, காலதாமதம் வேறு, திருத்தம் முதலாவதைத்தான் நீக்கியது என்றுவிட்டது.

செஞ்சியில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் அரிக்கிறது. நாள் ஆக ஆகத் தப்பு சரியாகிவிடுமா?

வக்கீல்கள் மூன்று காரணம் சொல்வார்கள். நாளானால் சாட்சி செத்துப்போகும், காகிதம் மக்கிப்போகும். இது நேர்மையான காரணம், ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அனுபவத்தில் இருக்கிறவனுக்கு ஒருநாள் நிம்மதி வேண்டும் என்பது. யாருடைய நிம்மதி என்று கேட்டுவிட்டு இப்போதைக்கு விடுகிறேன். மூன்றாவதுதான் விஷயம்: தூங்குகிறவனுக்குச் சட்டம் உதவாது, விழித்திருப்பவனுக்குத்தான் உதவும்.

தூங்கியது யார்? 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இல் வந்தது பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம். அந்த நிலம் கைமாறிப்போன சேரியில் ஒருத்தர் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் என்ன நடக்க வேண்டும்? நிலத்தை வைத்திருப்பவர்தான் அவருக்குக் கூலி கொடுக்கிறவர், கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவர். கிராமக் கணக்கு ஊர்த்தெருவில் இருந்தது. எழுதப் படிக்க விடவில்லை. தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே விடாத ஊரில், கெடு தப்பாமல் வந்து பிராது கொடுத்திருக்க வேண்டுமாம்! அவர் தூங்கலை ஐயா. முழிச்சிக்கிட்டுத்தான் கிடந்தார்.

கடிகாரத்தை நிறுத்தத் தெரியாத சட்டமா இது? 1963-ஆம் வருஷக் காலவரம்புச் சட்டத்தைப் பாருங்கள். கெடு முடியும் நாளில் கோர்ட் லீவு என்றால் திறக்கிற அன்று வழக்குப் போடலாம். வழக்குக்கு உரியவர் மைனர் என்றால் மேஜராகும்வரை காத்திருக்கும். கொரோனாவில் 15.3.2020 முதல் 28.2.2022 வரை கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லதுதான். சென்னை மாகாணத்தில் 1938-இல் விவசாயிகளின் கடன் நிவாரணத்துக்கென்றே சட்டம் போட்டு வட்டியைக் குறைத்தார்கள். அதில் 'விவசாயி' என்றால் யார்? விற்கக்கூடிய உரிமையோடு நிலத்தில் பாத்தியம் உள்ளவர். சேற்றில் நாற்று நட்டவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. ஆக லீவுக்குக் கடிகாரம் நிற்கும், வயதுக்கு நிற்கும், நோய்க்கு நிற்கும். நமக்குத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் மூடியே கிடந்ததே, அந்த நாட்களை எந்தப் பிரிவில் கழிப்பது?

பழசு என்றாலே மதிப்பில்லை என்றும் சொல்ல முடியாது. எதிரே கோட்டை நிற்கிறது. 1649-இல் பிஜாப்பூர்ப் படை பிடித்தது, 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் இங்கிலீஷ்காரர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. 348 வருஷம் ஆகியும் சிவாஜியின் பாத்தியதை டைம்பார் ஆகவில்லை. கோட்டைக்குள் சக்கிலி துர்க்கம் என்று ஒரு சின்ன மலையும் உண்டு. மலைக்கு நம்ம பேர் இருக்கு, நிலத்துக்குத்தான் இல்லை.

கெடுவே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. பன்னிரண்டு வருஷ அனுபவம் என்கிற விதியைப் பிடித்துக் குடிசையைக் காப்பாற்றிக்கொண்ட நம்ம சனமும் இருக்கும். பஞ்சமி நிலத்தை விவரம் தெரியாமல் வாங்கி உழுகிற சிறு விவசாயியும் இருப்பார். அவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியது அரசு. விற்கக் கூடாத நிலத்தைப் பத்திரம் பதிந்து, முத்திரைத்தாள் காசு வாங்கியது அதுதானே.

நான் சொல்வது வேறு. 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி வன்கொடுமை வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும், அதிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால்? வழக்கு நடத்துகிற கோர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. குற்றப்பத்திரிகை உரிய நாளில் வராவிட்டால் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தானாக ஜாமீன் உரிமை வந்துவிடும். நாம தாமதித்தால் நிலம் அவங்களுக்கு. போலீஸ் தாமதித்தால் ஜாமீன் அவங்களுக்கு. யார் தாமதித்தாலும் ஆதாயம் ஒரே பக்கம் போய்ச் சேருகிறது. இதைக் காலத்தின் குணம் என்று எப்படிச் சொல்வது? எழுதினவங்க குணம்.

வேறு மாதிரி எழுதவும் முடியும். 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில், 30 நாளில் காரணமில்லாமல் பதில் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரைக்கும், அவர் கையிலிருந்து அபராதம் போடலாம். நடைமுறையில் எத்தனை பேர் கட்டினார்கள் என்பது வேறு கதை. ஆனால் கெடு அதிகாரியைக் கடிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 60 நாளுக்கும் இப்படி நாள் கணக்கில் அபராதம் என்று ஒரு வரி எழுத என்ன தடை?

பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். கர்நாடகத்துச் சட்டம் அதற்கு 16 வருஷம் முந்தியது. இங்கே பஞ்சமி நிலம் இன்னும் வருவாய் நிலையாணை நிபந்தனைகளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சட்டம் படிக்கிற நம்ம பிள்ளைகள் கர்நாடகத்தின் 2023 திருத்தத்தையும் 2024 தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். இங்கே ஒரு சட்டம் எழுதினால் 'காலவரம்பு கிடையாது' என்ற ஒரு வரி போதாது. 'காலதாமதத்தைக் காரணம் காட்டியும் தள்ளக் கூடாது' என்று அடுத்த வரியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.