பாதிப் போர்வை



நவம்பர் 11ஆம் திகதி திருச்சபை தூர்ஸ் நகர் ஆயராகிய புனித மார்ட்டினை நினைவுகூருகின்றது. ஐரோப்பாவிலே அது பனிக்காலம் நெருங்கிவரும் வேளை.

4ஆம் நூற்றாண்டு. இன்றைய பிரான்ஸ் நாட்டின் அமியென் நகர். குளிரினால் பலர் மாண்டுபோன ஒரு மாரிகாலம். நகர வாசலில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவரைக் கண்டும் காணாதவர்போல் எல்லோரும் கடந்து சென்றார்கள். இளம் போர்வீரரான மார்ட்டின் மட்டும் நின்றார். மற்றவற்றையெல்லாம் ஏற்கெனவே தருமம் செய்துவிட்ட அவரிடம் மேலங்கி ஒன்றே எஞ்சியிருந்தது. அதை வாளால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஏழைக்குப் போர்த்தினார். மறுபாதியோடு நின்றவரைப் பார்த்துச் சிலர் நகைத்தார்கள். அன்றிரவு கனவிலே கிறிஸ்துநாதர் அந்தப் பாதி அங்கியை அணிந்தவராய்த் தோன்றினார். மார்ட்டின் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் பழைய துணியைத் தேடவில்லை. தமக்கு வேண்டியதிலேயே பங்கு கொடுத்தார். கொடுத்தவரும் அன்று சற்றுக் குளிரைத் தாங்கினார்.

அந்த ஏழை இன்றும் உரோமையிலும் பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் நடைபாதையில் படுத்திருக்கிறார். பனி கொட்டினால்தான் உயிர் போகும் என்பதில்லை. நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தாலே உடற்சூடு 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போது பேச்சுக் குழறும், நினைவு தடுமாறும். பார்ப்பவர்களோ குடிவெறி என்று எண்ணிப் போய்விடுவார்கள்.

1983 சனவரி 31ஆம் திகதி உரோமையின் தெர்மினி புகையிரத நிலையத்தில் மொடெஸ்தா வலெந்தி என்ற வீடற்ற மூதாட்டி நோயுற்று விழுந்தார். அவர் அழுக்காய் இருந்தமையால் அம்புலன்ஸ் வண்டியில் ஏற்ற மறுத்தார்கள். மணிக்கணக்காய்க் காத்திருந்தே அவர் உயிர் துறந்தார். அவரைக் கொன்றது நோய் மட்டுந்தானா? சான் எஜிதியோ சமூகத்தார் ஆண்டுதோறும் அவரை நினைந்து திருப்பலி ஒப்புக்கொடுத்து, தெருவில் இறந்த ஏனையோரின் பெயர்களையும் வாசிக்கின்றார்கள். பெயர் சொல்லி அழைக்கப்படுவதும் ஒரு போர்வைதான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் புனித பேதுரு சதுக்கத்தின் தூண்களருகே வீடற்றோர் குளிக்கவும் முடிவெட்டிக்கொள்ளவும் வழிசெய்தார். 2019இல் அச்சதுக்கத்தை அடுத்துள்ள மாளிகையொன்றை அவர்களுக்கு இரவுத் தங்குமிடமாக்கினார். ஊருக்கு வெளியே ஒரு கொட்டில் போதும் என்று அவர் எண்ணவில்லை. 2017 தொடக்கம் நவம்பர் மாதத்தில் உலக வறியோர் தினமும் அனுசரிக்கப்படுகின்றது.

பனியே காணாத நமக்கு இதில் என்ன என்று கேட்கின்றீர்களா? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் மறப்பார்களா? கொட்டும் மழையிலே இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். கோவில்களும் பாடசாலைகளும் நிரம்பின. மரங்களின் கீழும் குடும்பங்கள் கிடந்தன. முன்பின் அறியாதவர்கள் தங்கள் விறாந்தையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கூரையில்லாத இரவு எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே பெற்றோரே, குளிர்நாடுகளிலுள்ள உங்கள் பிள்ளைகளோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள்: நடைபாதையில் கிடப்பவரைக் கடந்து போகாமல், குனிந்து பெயரைக் கேட்கட்டும். பதில் குழறினால் உடனே அம்புலன்ஸை அழைக்கட்டும். உலர்ந்த காலுறையும் நல்ல கம்பளியும் கொடுக்கட்டும்.

இங்கும் நவம்பர் மாரிமழைக் காலமே. பஸ் நிலையத்திலும் கடை விறாந்தையிலும் இரவைக் கழிப்பவர்கள் உண்டு. பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபையாரிடம் விசாரித்துப் பாருங்கள். வீட்டிலே அலுமாரியைத் திறக்கும்போது, கிழிந்ததைத் தேடும் கையைச் சற்று நிறுத்துங்கள். நல்ல போர்வை இரண்டு இருந்தால் அதில் ஒன்று நம்முடையதன்று. நாம் கொடுத்த அந்தப் போர்வையைப் போர்த்தியவராகவே ஆண்டவர் தீர்வை நாளில் நம்மை எதிர்கொள்வார்.