கண்ணிழந்தவர் கண்ட அழகு

ஒருவரைக் கண்டமாத்திரத்தில், அவர்தம் தோற்றத்தைக் கொண்டே நாம் அவரை அளந்துவிடுகிறோம். அங்கக்குறை கண்டால் 'ஐயோ பாவம்' என்று இரங்குகிறோம். அவர் உள்ளத்து நிறைவை நாம் அறிவோமோ?

சோழனவை நிமித்தமாகக் கண்களை இழந்த கூரத்தாழ்வான், பின்பு திருமாலிருஞ்சோலையில் எழுந்தருளியிருந்து, அழகருடைய திருமேனியழகையே விஷயமாகக் கொண்டு ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். கண்ணுடையோர் பலர் காணாத அழகு அது. அன்றியும், எம்பெருமானார் நியமனத்தாலே பேரருளாளனைத் துதித்து நின்றபோது, தமக்குக் கண் வேண்டாமல், அவ்விழப்புக்குக் காரணமான நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெறவேண்டும் என்றே வேண்டினார் என்பது பூர்வர்கள் வார்த்தை.

உள்ளே குறையுடையவர் இவ்வாறு வேண்டுவரோ? தேஹம் மாறும், ஆத்மாவுக்கு அடிமையே அழகு. ஆகையால், வடிவைக் கொண்டு ஒரு பாகவதரைத் தாழ எண்ணுதல் அபசாரமாய் முடியும். அடுத்தமுறை ஒருவரைக் கண்டு இரங்குமுன், இரங்கத்தக்கவர் அவரோ நாமோ என்று ஆராய்வோமாக.