ஒட்டுண்ணி என்ற வசை

ஒட்டுண்ணி என்ற சொல்லை நாம் பெரும்பாலும் வசையாகவே பயன்படுத்துகிறோம். மேடையில் அரசியல்வாதி எதிராளியைச் சொல்கிறான். படைப்பாளி விமர்சகனைச் சொல்கிறான். உயிரியலின் சொல் என்பதால் வசைக்கு ஒரு விஞ்ஞான கௌரவமும் கிடைத்துவிடுகிறது. உண்மையில் இந்தக் கருத்து எதிர்த்திசையில் பயணம் செய்தது. இதற்கு ஈடான கிரேக்கச் சொல் அடுத்தவன் பந்தியில் உண்பவனைக் குறித்தது. மனிதனிடமிருந்துதான் அது பிராணிகளுக்குப் போயிற்று.

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், ஜெகதாப்பட்டினத்தில், படகுகளிலிருந்து நீலக்கால் நண்டுகள் இறங்குகின்றன. நண்டைப் புரட்டி வயிற்று மடலைப் பார்த்தால் போதும். குறுகியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். மடலுக்கடியில் முட்டைத் திரள் இருந்தால் சினை நண்டு. இந்த அடையாளங்களைப் பொய்யாக்கும் உயிர் ஒன்று உண்டு. பெயர் சாக்குலினா. இந்த நண்டினத்தையும் அது பற்றும்.

அதன் பெண் குஞ்சு நண்டின் உடலுக்குள் சில செல்களாக நுழைந்து, வேர்களாகப் பரவி, நண்டின் சத்தில் வளர்கிறது. பிறகு, முட்டைத் திரள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பை முளைக்கிறது. நண்டு மலடாகிறது. ஆனால் அந்தப் பையைத் தன் சினை போலவே துடைத்துக் காக்கிறது. ஆண் நண்டைப் பற்றினால் அதன் மடலும் அகல்கிறது, அதுவும் தாயாகிறது.

1880இல் ரே லாங்கெஸ்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் சீரழிவு பற்றி எழுதிய சிறுநூலில் சாக்குலினா ஒரு சாட்சி. உணவு சுலபமாகக் கிடைத்தால் காலும் கண்ணும் போய்விடும், மனித சமூகத்துக்கும் அதே கதி நேரலாம் என்பது வாதம். நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தை வைத்துத்தான் சாக்குலினா நண்டின் தூரத்து உறவு என்றே தெரியவந்தது. ஆழ்கடலின் மென்பவளங்களுக்குள் புழுவாய்ச் சுருங்கி வாழும் நுண்ணிய ஓட்டுடலிகளும் இந்த வம்சம்தான். கால் இழப்பது வீழ்ச்சி என்றால் பாம்பும் வீழ்ந்த பிராணி. இயற்கையில் நாம் படிப்பது பல சமயம் நாமே எழுதிவைத்த நீதி.

என்னை உறுத்துவது சாக்குலினா அல்ல, நண்டுதான். அது ஏமாந்தது என்கிறோம். ஆனால் அதன் பராமரிப்பில் பொய் இல்லை. தன் முட்டைகளுக்குச் செய்வதையே செய்கிறது. ஜாதிப் பெருமையை, கட்சியை, ஒரு கொள்கையை, சொந்தக் கவிதையைக்கூட நாம் இதே சிரத்தையோடுதான் காக்கிறோம். என்னுடையது என்ற உணர்வின் தீவிரம் எதையும் நிரூபிப்பதில்லை. உள்ளிருந்து பார்க்கையில் சினையும் பையும் ஒன்றே.

வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுண்டு. சாக்குலினா பற்றிய நண்டு பொதுவாக ஓடு கழற்றுவதை நிறுத்திவிடுகிறது. அதன்பின் வளர்ச்சி இல்லை. நான் காப்பது என்னை வளரவிடுகிறதா என்று நண்டால் கேட்க முடியாது. நம்மால் முடியும். ஆனால் ஒட்டுண்ணி என்று இன்னொருவனைத் திட்டுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது.