உடலுரிமையும் ஊக்கமருந்தும்: பெண்கள் கட்டழகுப் போட்டி குறித்து ஓர் அறவியல் நோக்கு

தமிழிலே ‘ஆணழகன் போட்டி’ என்றொரு தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தசை திரண்ட ஆணுடலை மேடையேற்றி மதிப்பிடுவதையே அத்தொடர் குறிக்கும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. அதற்கிணையாக ‘பெண்ணழகி’ என்று சொல்லிப் பார்ப்போமாயின் மனத்திலே தோன்றுவது முற்றிலும் வேறொரு காட்சியாகும். ஆணிடத்தே வலிமையும் அழகும் ஒரு சொல்லில் அடங்கின. பெண்ணிடத்தே அவை பிரிந்து நின்றன. பெண்கள் கட்டழகுப் போட்டிகளில் ஊக்கமருந்தின் இடம் பற்றிய வாதத்தை ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஏனெனில், அவ்வாதத்திலே இரு வினாக்கள் கலந்து கிடக்கின்றன. மருந்துண்டு போட்டியிடுதல் நீதியாகுமா என்பது ஒன்று. பெண்ணொருத்தி இத்துணைத் தசையோடு இருத்தல் தகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து, முதலாவதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் செய்திகளை நோக்குவோம். ஆண்களின் உடலிலே மிகுதியாகவும் பெண்களின் உடலிலே சிறிதளவாகவும் சுரக்கும் தெசுத்தோசுத்தெரோன் எனும் ஓமோன் 1935ஆம் ஆண்டிலே ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. அதன் வழிவந்த ஸ்டீரோயிட் மருந்துகள் தசையை வளர்க்கும் ஆற்றலுடையன. பெண்கள் அவற்றை உட்கொள்ளும்போது குரல் தடித்தல், முகத்திலும் உடலிலும் உரோமம் வளர்தல், மாதவிலக்குச் சீர்குலைதல் முதலியன நிகழலாம். தடித்த குரல் மருந்தை நிறுத்திய பின்னரும் பழைய நிலைக்கு மீளாதிருத்தல் கூடும். ஈரலும் இதயமும் பாதிப்புறலாம். ‘மிஸ் ஒலிம்பியா’ எனும் பெண்கள் கட்டழகுப் போட்டி 1980இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2014க்குப் பின்னர் சில ஆண்டுகள் நின்றிருந்து 2020இல் மீண்டும் நடைபெற்றது. சற்றுக் குறைந்த தசைப் பருமனை வேண்டும் தனிப்பிரிவு 2013இலே அம்மேடையில் இடம்பெற்றது. தொழில்முறைப் போட்டிகள் பல, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் விதிகளுக்கு அப்பாற்பட்டே நடக்கின்றன. மறுபுறத்தே, மருந்தின்றிப் பயின்றோர்க்கெனப் பரிசோதனையுடன் நடைபெறும் போட்டிகளும் உள.

மருந்துக்குத் தடை கூடாதென்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பிறர்க்குத் தீங்கு நேராதவிடத்து, வயது வந்தவரின் செயலில் அவர் நன்மையைக் காரணங் காட்டித் தலையிடுதல் தகாது என்பது 1859இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் நிறுவிய கொள்கை. உடல் அவளுடையது, கேடும் அவளுக்கே, அறிந்தே ஏற்கிறாள், இதிற் குறுக்கிட நாம் யார்? மலையேறுவோனையும், குத்துச்சண்டை புரிவோனையும், ஆழ்கடலிற் சங்கு குளிப்போனையும் நாம் தடுப்பதில்லையே! பெண்ணின் உடலைக் காப்பதற்கு மட்டும் சமூகம் ஏன் முந்துகின்றது? இவ்வினாவிலே நியாயம் உண்டு. ‘உன் நன்மைக்காகவே தடுக்கிறோம்’ என்னும் கூற்றைப் பெண்கள் கல்வியிலும், தொழிலிலும், திருமணத்திலும் போதுமான அளவு கேட்டுவிட்டனர். ஆதலின், தடைக்கு ஆதாரம் தேடுவோர் வேறிடத்திலேதான் அதனைத் தேடவேண்டும்.

அவ்வாதாரத்தைத் திருகோணமலைக் கடலிலே காணலாம் என்று கருதுகின்றேன். இத்துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் அண்டி வாழ்வோர் வெடி வைத்து மீன் பிடித்தலை நன்கறிவர். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. எனினும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. நீருக்குள் வெடி வெடித்ததும் மீன்களின் காற்றுப்பை கிழிகின்றது. மிதப்பன சிலவற்றை அள்ளலாம். பல அடியிலே தாழ்ந்து வீணாகும். முட்டையும் குஞ்சும் பவளப்பாறையும் அழியும். இங்கே நாம் கருதவேண்டியது கடலுக்கு நேரும் கேட்டினை மட்டுமன்று. விடியுமுன் எழுந்து கரைவலை இழுக்கும் சம்மாட்டியாரும் தொழிலாளரும் நாள் முழுதும் உழைத்துப் பெறுவதை, வெடிகாரன் ஒரு நொடியிலே பெறுகின்றான். சந்தையிலே இருவர் மீனும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. இந்நிலை நீடிக்குமாயின் வலைகாரனுக்கு இரண்டு வழிகளே எஞ்சும்: தானும் வெடி எடுப்பது, அல்லது தொழிலை விட்டு நீங்குவது. ஒருவனது சுதந்திரம் அயலவனுக்கு நிர்ப்பந்தமாக மாறிவிடுகின்றது.

ஊக்கமருந்தின் அறக்கேடும் இத்தகையதே. மேடையில் நிற்கும் பத்துப் பெண்களுள் மூவர் மருந்துண்பராயின், நடுவர் கண்ணுக்கு அம்மூவரின் உடலே அளவுகோலாகிவிடும். ஏனைய எழுவரும் தம் உடலைக் கெடுத்துக்கொள்ளவோ தோற்கவோ வேண்டியவராவர். கடல் பொதுச்சொத்து, உடல் தனிச்சொத்து. ஆதலின் இவ்வுவமை பொருந்தாது எனச் சிலர் மறுக்கலாம். உடல் தனிச்சொத்தே, ஆயினும் போட்டி பொதுச்சொத்து. தன் வீட்டறையிலே மருந்துண்டு கண்ணாடி முன் நிற்பவளிடம் நாம் வினவுவதற்கு ஒன்றுமில்லை. மற்றொருத்தியின் பக்கத்திலே நின்று, அவளினும் மேலென மதிப்பிடும்படி அவள் கேட்கும்போதே வினா பிறக்கின்றது. மில்லின் கொள்கையைக் கைவிடாமலேயே இம்முடிவுக்கு வரலாம் என்பது கவனிக்கத்தக்கது. இங்கே தீங்கு பிறர்க்கும் நேர்கின்றது.

செல்வமும் சமமாக இல்லையே. ஒருத்திக்கு நல்லுணவும் பயிற்சிக்கூடமும் உண்டு, மற்றொருத்திக்கு இல்லை. மருந்தை மட்டும் பிரித்துக் கடிவதேன் என்னும் வினாவும் எழும். உணவின்மை ஓர் அநீதியே. எனினும், அதனைத் தீர்க்கும் வழி இல்லாதவளுக்கும் உணவளிப்பதாகும். அதனால் இருவரும் நலம் பெறுவர். மருந்தின்மையைத் தீர்க்க இருவர்க்கும் மருந்தளித்தால் சமத்துவம் கிட்டும். இருவர் உடலும் கெடும். முந்தியிருந்த வேற்றுமையும் அப்படியே எஞ்சும். எல்லார்க்கும் பொதுவாக்கியபோது நன்மை பயப்பதையும் கேடு பயப்பதையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது.

‘அறிந்தே ஏற்கிறாள்’ என்னும் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். கிழக்கு ஜேர்மனியிலே 1974 தொடக்கம் அரசே திட்டமிட்டு விளையாட்டு வீரர்க்கு ஸ்டீரோயிட் வழங்கியது. பருவமெய்திய, எய்தாத சிறுமியர் பலர்க்கு அவை சத்துமாத்திரைகள் என்றே சொல்லப்பட்டன. 2000ஆம் ஆண்டில் பேர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மன்பிரட் ஏவால்டையும், மருத்துவர் மன்பிரட் ஹொப்னரையும் குற்றவாளிகளெனக் கண்டது. கட்டாயம் அரசிடமிருந்து வராதபோதும் பயிற்றுவிப்பாளர், மருந்து விற்போர், பரிசளிப்போர் என வேறு வாயில்களால் வரலாம். தண்டனையோ பெரும்பாலும் மருந்துண்டவள் தலையிலேயே விழுகின்றது. வெடி வைத்தவனைப் பிடித்து, வெடிமருந்து விற்றவனை விட்டுவிடும் சட்டம் கடலைக் காக்காது.

இனி, பிரித்து வைத்த இரண்டாம் வினாவுக்கு வருவோம். பன்னாட்டு உடற்கட்டழகுச் சம்மேளனம் 2005ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு முன்னதாக, பெண்கள் தம் தசைப் பருமனை 20 சதவீதம் குறைக்கவேண்டுமென அறிவுறுத்தியது. மருந்துண்டவர் யார், உண்ணாதவர் யார் என்பதை அவ்வறிவுறுத்தல் வினவவில்லை, தோற்றத்தையே அளந்தது. பரிசோதனை வைத்திருப்பின் அது நீதியின் பாற்படும். பருமனைக் குறைக்கச் சொன்னமையோ சுவையின் பாற்பட்டது. நீதிக்கும் சுவைக்கும் உள்ள வேறுபாடு மங்குமிடத்தே மருந்தே தொடாத பெண்ணும் ஐயத்துக்குள்ளாவாள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டிலே 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்று, பாற்சோதனையின் பேரில் அதனை இழந்தார். மருந்துக் குற்றச்சாட்டு எதுவும் அங்கிருக்கவில்லை. பெண் எனும் சான்றே அவரிடம் கேட்கப்பட்டது.

இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவின் வாழ்வு இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காட்டுகின்றது. 1998இல் நன்ட்ரோலோன் எனும் மருந்தைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பின்னர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்றார். முதலிடம் பெற்ற அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ் தாம் மருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டார். 2009இல் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் நீதி, அன்று அவ்வெற்றிமேடையில் ஒரு படி உயர நின்றிருக்கவேண்டிய கணத்தை மீட்டுத் தரமாட்டாது. பிறர் மருந்துண்டால் நமக்கென்ன என்போர்க்கு இது விடையாகும். சான்று உறுதிப்படுமுன் ஒரு பெண்ணை ஐயுறுவதன் கொடுமைக்கும் அதே வாழ்வு சான்றாகும்.

இவற்றால் நாம் அடையும் முடிவு யாது? தடை நியாயமானதே, ஆனால் அதன் வேர் பக்கத்திலே நிற்கும் போட்டியாளருக்குச் செய்யவேண்டிய நீதியில் இருத்தல் வேண்டும், ‘பெண்மை குன்றுகிறது’ எனும் புலம்பலில் இருத்தலாகாது. இலங்கையிலே 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் வழி ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகின்றது. அத்தகைய அமைப்புகள் மருந்தை அளிப்போரையும் விற்போரையும் முதலிற் தேடுதல் வேண்டும். கட்டழகுப் போட்டிக்கோ மேலுமொரு கடப்பாடு உண்டு. ஓட்டத்திலே கடிகாரம் தீர்ப்பளிக்கின்றது, அதற்கு விருப்புவெறுப்பில்லை. கட்டழகு மேடையில் தீர்ப்பளிப்பது நடுவரின் கண். மருந்தின்றி எய்தவியலாத உடலுக்குப் பரிசளித்துக்கொண்டே மருந்தைக் கடியும் நடுவர், வெடிமீனை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டே கடல் அழிகிறதென வருந்தும் வியாபாரிக்கு ஒப்பாவார். முயற்சியால் எய்தக்கூடியதையே அவர் அளவுகோலாகக் கொள்ளட்டும். அவ்வளவுகோலின்கீழ் ஒரு பெண் தன் உழைப்பால் எத்துணைத் தசை திரட்டினும், அது அவளுக்குரிய பெருமையே. அதனை மிகை என்று சொல்லும் உரிமை நடுவர்க்கும் இல்லை, நமக்கும் இல்லை.